கையை விரிச்சுட்டாரு

“அண்ணி, டாக்டர் கையை விரிச்சுட்டாரு.” தம்பி மனைவி அதோடு போனை வைத்துவிட்டாள்.

தையல்கடையில் அக்காவின் மெஷின் அப்படியே நின்றது. ‘இனி உன் வாசப்படி மிதிச்சா ஏன்னு கேளு’ என்று சண்டை போட்டுவிட்டு வந்தவள், தம்பி பக்கவாதத்தில் விழுந்தபோதுகூட எட்டிப் பார்க்கவில்லை. இப்போது பாதி தைத்த காலரை ஊசிக்கடியிலேயே விட்டுவிட்டு அவன் வீட்டுக்கு ஓடினாள். எதிர்ப்பட்ட சித்தப்பாவிடம் வேறு சொல்லி அழுதாள்.

உள்ளே தம்பி தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“என்னடி இது? டாக்டர் கையை விரிச்சுட்டாருன்னியே?”

“ஆமா அண்ணி, இவரு கையைத்தான். விழுந்த நாள்லேருந்து இறுக மூடியே கிடந்துச்சே. இன்னிக்கு ஒவ்வொரு விரலா விரிச்சுட்டாரு.”

“அதை முழுசாச் சொல்ல வாய் வலிச்சுதா?”

“முழுசாச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?”

தம்பி அந்தக் கையை மெதுவாக அக்கா பக்கம் நீட்டினான். முதலில் உள்ளங்கையில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். அப்புறம் அதைப் பிடித்தவள், சித்தப்பா அழுதுகொண்டே உள்ளே வந்தபோதும் விடவில்லை.