பிளாப்பி வாய்

பழைய குட்டிக் கம்ப்யூட்டரின் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கண்ணாடித் தொட்டி பொருத்தி, தண்ணீர் ஊற்றி, இரண்டு மீன்களை விட்டிருந்தார் நாவலாசிரியர் நல்லசிவம்.

“திரையும் பெட்டியும் ஒண்ணாவே வந்த டிசைன், பகவதி. மீன் தொட்டிக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?”

“உள்ள சிக்கிக் கிடந்த பிளாப்பி டிஸ்க் எங்க?” என்றாள் மனைவி.

“எல்லாத்தையும் பழைய இரும்புக்குப் போட்டாச்சு.”

“அதுல என் கதைங்க இருந்துச்சு. உங்க நாவலை டைப் அடிச்சு முடிச்சிட்டு, மிச்ச நேரத்துல பதினோரு வருஷமா எழுதினது. அதை வெளிய தள்ள அந்தப் பெட்டியில ஒரு பட்டன்கூட இல்ல, ஆளைக் கூப்பிட்டு எடுத்துத் தாங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்?”

“சமையல் குறிப்புதானே? மறுபடி எழுதிக்கோ.”

திரைக்கு மேலே பிளாப்பி செருகும் வாய் வழியாக மீன்களுக்குத் தீனி தூவினார். பிறகு ஒரு கட்டுத் தாளை அவளிடம் நீட்டினார்.

“புது நாவல். நாளையிலேருந்து புது கம்ப்யூட்டர்ல டைப் பண்ண ஆரம்பிச்சிடு.”

பகவதி முதல் தாளை நான்காக மடித்து அந்த வாய்க்குள் செருகினாள். நீல மை தண்ணீரில் அவிழ்ந்தது. மீன்கள் மூலைக்கு ஓடின.

“ஏய்! அதுக்கு வேற காப்பி கிடையாது!”

“எனக்கும்தான் கிடையாது” என்று சொல்லி, அவள் இரண்டாவது தாளை மடித்தாள்.