தலையால் காட்டினால் போதும்

"பத்து நாளில் பதினொன்று திரும்பி வந்திருக்கின்றன, கிருசாந்தி. பதினொன்றின் பரிசோதனைச் சீட்டிலும் ஒரே கையெழுத்து. நாகமுத்து!"

முதலாளி பெட்டியை மேசையில் கவிழ்த்தார். கறுப்பு அலுமினியக் கைக்காப்புகள் உருண்டன. துவக்கின் குழாய் சூடேறினாலும் கை சுடாமல் பிடிப்பதற்காக அதைச் சுற்றிப் பூட்டுகிற உறை. குறிபார்த்துச் சுடும் கழகக்காரர்கள் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்வார்கள். பூட்டினால் ஆடக் கூடாது. இவை ஆடின.

"அங்கே சிவப்புப் பெட்டியைப் போய்ப் பார். கழிவென்று தள்ளியவை நிரம்பி வழிகின்றன. எல்லாமே நல்லவை! நல்லதைத் தள்ளிவிட்டு ஆடுவதை அனுப்பியிருக்கிறார். கேட்டால் 'என்னுடைய பிழைதான்' என்கிறார். எச்சரிக்கைக் கடிதம் எழுது. இன்னொரு தடவை நடந்தால் அவர் வீட்டுக்குத்தான்."

கிருசாந்தி தலைகுனிந்து கேட்டுக்கொண்டாள். தரப் பரிசோதனைக்குப் பொறுப்பாக அவள் இங்கே வந்து நான்கு மாதம். நாகமுத்து அண்ணை வந்து பதினெட்டு வருடம். இந்த வெளிநாட்டுத் தொழிற்சாலையில் தமிழர் இவர்கள் இருவரும்தான்; மற்ற எல்லோரும் இந்த நாட்டுக்காரர்.

இடைவேளைக்கு அண்ணையின் மேசைக்குப் போனாள். காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, கண் தெரியேல்லையோ?"

"வயசு போகுதல்லோ, பிள்ளை. என்ர பிழைதான்."

"பதினெட்டு வருசமாய் வராத பிழை பத்து நாளில எப்பிடி வரும்?"

"வாறதெண்டால் வரும்தானே."

அவளுக்குக் கோபம் வந்தது. கவலையீனமாக வேலை செய்துவிட்டு, பேச்சைப் பார்!

அந்த நேரம் அன்னா கோப்பிக் கேத்தலோடு வந்தாள். பொதி கட்டும் பகுதியிலிருந்து பத்து நாளைக்கு முன்புதான் இங்கே மாற்றப்பட்டவள். அண்ணை பூட்டிப் பார்த்துக் கொடுக்கிற கைக்காப்புகளை வாங்கி, நல்லதைப் பச்சைப் பெட்டியிலும் பழுதைச் சிவப்புப் பெட்டியிலும் போடுவது அவள் வேலை.

"பால்?" என்று கேட்டாள் அன்னா.

அண்ணையின் வாய் நிறையப் பிஸ்கட். தலையை இடமும் வலமுமாகச் சரித்து ஆட்டினார். ஓம்.

அன்னா பாலை அப்பால் வைத்தாள்.

"சீனி?"

அண்ணை நாடியை மேலே தூக்கி 'ச்ச்' என்றார். வேண்டாம்.

அன்னா இரண்டு கரண்டி போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். அண்ணை பேசாமல் வாங்கிக் குடித்தார்.

கிருசாந்தி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை! நல்ல சாமான் எண்டால் அன்னாவுக்கு எப்பிடிக் காட்டுறனீங்கள்?"

அண்ணை தலையைச் சரித்து ஆட்டினார்.

"ஆடினால்?"

நாடி மேலே போனது. 'ச்ச்.'

"காது மூடியோட அவளுக்கு உங்கட 'ச்ச்' எப்பிடிக் கேக்கும்? நீங்கள் ஓம் எண்டதை அவள் இல்லை எண்டும், இல்லை எண்டதை ஓம் எண்டும் எடுத்திருக்கிறாள்!"

"காலமை சிவப்புப் பெட்டியைக் கிளறேக்கை எனக்கும் விளங்கினது. கோப்பியும் பத்து நாளாய் இப்பிடித்தான் வருது" என்று சிரித்தார்.

"விளங்கியுமோ பழியை உங்கட தலையில போட்டனீங்கள்? அன்னா பாவம் எண்டோ?"

"அன்னாவுக்கு என்ன? பதினைஞ்சு வருசமாய் நிரந்தர வேலை. அவளை ஆரும் அசைக்க ஏலாது." குரலைத் தாழ்த்தினார். "சுவரில இருக்கிறதை ஒருக்கா வாசியும்."

பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். 'இனிமேல் பரிசோதகர் எழுந்து போய்ப் பெட்டியில் போட வேண்டியதில்லை, உதவியாளர் போடுவார். காது மூடி அணிந்திருக்கும்போது கத்தவும் வேண்டாம். சரியா பிழையா என்று தலையால் காட்டினால் போதும்.'

கீழே பத்து நாளைக்கு முந்திய திகதி. அதற்கும் கீழே கிருசாந்தியின் கையெழுத்து.

"நீர் முதல் முதல் எழுதின உத்தரவு, பிள்ளை. எனக்குக் கடிதம் வந்தால் அலுமாரிக்குள்ள போகும். உமக்கு இன்னும் ஆறு மாசத் தகுதிகாண் காலம் முடியேல்லையே, உடனை நிப்பாட்டிப்போடுவினம்."

கிருசாந்தி தன் கையெழுத்தை இன்னொரு தரம் வாசித்தாள்.

"என்ன, யாருடைய பிழை என்று முடிவாகிவிட்டதா?" பின்னால் முதலாளி நின்றார்.

அண்ணை அவசரமாக அவளைப் பார்த்து நாடியைத் தூக்கினார். 'ச்ச்.' சொல்ல வேண்டாம்.

"பார், அவரே ஆமென்று தலையாட்டுகிறார்!" என்றார் முதலாளி.

கண் கலங்கியிருந்தும் கிருசாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாளைச் சுவரிலிருந்து கழற்றி அவரிடம் நீட்டினாள்.

"இல்லை. அவர் 'வேண்டாம்' என்கிறார். பிழை இந்தத் தாளில் இருக்கிறது. எழுதியது நான். அந்தப் பத்து நாள் சரக்கு முழுவதையும் திருப்பி எடுக்க வேண்டும்."

எப்படி மாறியது என்று சொல்லி, இரண்டு தலையாட்டலையும் ஆட்டிக் காட்டினாள். அன்னா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி தாளை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அண்ணையிடம் திரும்பினார்.

"உங்கள் தலையில் பழியைப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு... இந்தப் பெண்ணை நம்பி வைத்திருக்கலாமா?"

அண்ணை தலையை இடமும் வலமுமாக நன்றாக ஆட்டினார்.

முதலாளி குழம்பிப்போய்க் கிருசாந்தியைப் பார்த்தார். அவள் வெட்கத்தோடு நிலத்தைப் பார்த்தாள்.

"ஆமென்கிறார்" என்றாள் அன்னா, அண்ணையின் கோப்பையில் பாலை ஊற்றியபடி.