இருவருக்கும் ஒரே வலி

நாய்க்குக் கழுத்துப் பட்டை வழியாக மின்னதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை அழுத்துகிறவரும் கையில் ஒரு பட்டை கட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம். நாய்க்கு எவ்வளவு வலியோ, அவருக்கும் அவ்வளவு. குரைக்கிற நாய்க்கு இடமில்லை என்று குடியிருப்பு அசோசியேஷன் சொன்னபோது சுகிர்தா பட்டைக்குச் சம்மதித்தது அதனால்தான். தானும் சேர்ந்து தாங்கும் வலி கொடுமை ஆகாது என்று நம்பினாள்.

அன்று அவளுக்குக் காய்ச்சல். கணவன் ஜெயசீலன் முதல்முறையாகக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டான். வாசலில் பார்சல்காரர் மணி அடித்ததும் அவர்களுடைய நாய் கடுகு உறுமியது. அவள் வழக்கமாக வைக்கும் அளவிலேயே அழுத்தினான்.

"ஐயோ அம்மா!" கையை உதறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "என்னடி இது? தெனமும் இதையா அதுக்குக் குடுக்குற?"

"சும்மா நடிக்காதீங்க. எறும்பு கடிக்கிற மாதிரிதான இருக்கும்."

"எறும்பா? உனக்குக் கை மரத்துப்போச்சு, சுகி."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். தனக்கு வலி குறையக் குறைய அளவைக் கூட்டிக்கொண்டே வந்தவள் அவள்தான். கடுகுக்கும் பழகியிருக்கும் என்று நினைத்திருந்தாள். அது மேசைக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு பட்டைகளையும் கழற்றிக் குப்பையில் போட்டாள்.

"அசோசியேஷன்ல காலி பண்ணச் சொல்வாங்க."

"சொல்லட்டும். வேற வீடு பாருங்க."

மறுபடியும் அழைப்பு மணி அடித்தது. கடுகு வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் கையையே பார்த்தது.

சுகிர்தா அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். கதவைப் பார்த்து, பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி, "லொள்!" என்று குரைத்தாள்.

கடுகின் காதுகள் நிமிர்ந்தன. அவள் இன்னும் சத்தமாகக் குரைத்தாள்.