பம்பை எங்கே மாட்டுவது

இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளாத குறைதான்.

கண்ணாடி மேசையின் மேல் மூன்று பெட்ரோல் பம்ப்கள். இந்தப் பக்கம் அவள். அந்தப் பக்கம் அவள் கணவனும் மெர்லினும், குனிந்தபடி.

முன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. அதை அவள் பார்க்கிறாள். பின்னால் ஒர்க்‌ஷாப். அதை அவன் பார்க்கிறான். நடுவில் ஒரு கதவு. காபி ஆச்சா, சாவி எங்கே. அந்தக் கதவு வழியாக வருகிற பேச்சு அவ்வளவுதான்.

இந்த ஒரு மாதமாக அவனுக்கு வாய் முளைத்திருக்கிறது.

மெர்லினுக்கு வால்பாறை எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை. இறந்துபோன அப்பா ஓட்டிய பழைய ஜீப்பைப் பொள்ளாச்சிக்கு இறக்கிக்கொண்டு வந்து இவனிடம் விட்டிருக்கிறாள். டீசல் எஞ்சினைக் கழற்றியாயிற்று. ஒரு காரிலிருந்து எடுத்த பெட்ரோல் எஞ்சினை ஏற்றியாயிற்று. பம்ப் ஒன்றுதான் பாக்கி.

அதற்குத்தான் இவ்வளவு குசுகுசுப்பு.

முதல் பம்பை அவன் கையில் எடுத்தான். “இது ஆகாதுங்க. சொட்டுச் சொட்டா ஊத்துற சாமான் இது. உங்க எஞ்சினு பீச்சி அடிச்சாத்தான் குடிக்கும்.”

மெர்லின் சிரித்தாள். அவனும் சிரித்தான்.

பீச்சி அடிக்கணுமாம்! கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒரு பம்பைப் பற்றியாவது அவளிடம் இப்படிப் பேசியிருப்பானா? இத்தனைக்கும் விற்கிறவளே அவள்தான்.

அண்ணே என்றுதான் அந்தப் பெண் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் ஆயிற்றா? முறை பார்த்துக்கொண்டா வயிறு எரிகிறது?

இரண்டாவது பம்ப் டேங்க்குக்கு உள்ளே இறக்குகிற ரகம். டேங்க்கை வெட்ட வேண்டும்.

“அப்பா ஓட்டுன டேங்க்ண்ணே. வெட்ட வேண்டாமே.”

உடனே ஒதுக்கி வைத்துவிட்டான். கட்டியவள் சொன்ன எதையும் இந்த வேகத்தில் அவன் கேட்டதே இல்லை.

மூன்றாவது, வெளியே மாட்டுவது. அவன் முகம் மலர்ந்தது.

“இதுதாங்க. பழைய பம்பு இருந்த எடத்துலயே உக்கார வெச்சர்லாம். எஞ்சினுக்குப் பக்கத்துல. கைக்கும் எட்டும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அந்த பம்ப்புக்குப் பெட்ரோலைத் தள்ளத்தான் தெரியும். இழுக்கத் தெரியாது. பின்னால், டேங்க்கை ஒட்டி, தாழ்வாக மாட்ட வேண்டும். முன்னால் எஞ்சின் சூட்டில் வைத்தால் சமவெளியில் சமர்த்தாக ஓடும். வெயிலில் மலை ஏறும்போது மூச்சு முட்டி நின்றுவிடும்.

டீசல் ஜீப்பிலேயே கை பழகியவர்கள் எல்லோரும் செய்கிற தப்புதான். பழைய இடத்தில் மாட்டிவிட்டு, பம்ப் சரியில்லை என்று இதே மேசையில் கொண்டுவந்து வீசுவார்கள். அதனால் பெட்டியில் போடும் முன்னே யாராக இருந்தாலும் கேட்டுவிடுவாள். எங்கே மாட்டப் போறீங்க?

இன்று கேட்கவில்லை.

நிற்கட்டும். பாதி மலையில், போகிற வருகிற பஸ்காரன் எல்லாம் ஹாரன் அடிக்க நிற்கட்டும். அப்போது தெரியும் இவன் வித்தையும் அந்தப் பெண்ணின் சிரிப்பும்.

பம்பைப் பெட்டியில் போட்டு நீட்டினாள்.

“தேங்க்ஸ்க்கா.”

அவள் மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டார்கள். ஜீப் ஒரு உறுமலோடு வாசலுக்கு வந்து நின்றது. மெர்லின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். ஆழியாறு தாண்டி மலையேற்றிப் பார்க்கப் போகிறாளாம்.

போகட்டும். நல்ல வெயில்.

அவன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, தாவி மெர்லினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“மொத ஏத்தம். நானும் போயிட்டு வந்தர்றேன் புள்ள.”

அடப்பாவி.

கொண்டை ஊசி வளைவு அவள் கண்ணுக்கு முன்னால் வந்தது. நின்றுபோன ஜீப். அங்கே போனும் எடுக்காது. சூடு ஆறும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இரண்டு பேரும். பக்கத்தில் பக்கத்தில். பேச்சுக்கா பஞ்சம் அந்த இரண்டு பேருக்கும்?

கடையைப் போட்டது போட்டபடி ஓடினாள். ஜீப் நகரும் முன் பானெட்டில் ஓங்கி அறைந்தாள்.

“பம்ப முன்னால எஞ்சின் சூட்டுல வெச்சிருக்கீங்க. மலையில நின்னுக்கும். பின்னால எறக்குங்க, டேங்க்குக்குப் பக்கத்துல.”

அவன் ஒரு நிமிடம் யோசித்தான். தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏன், வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? பொட்டியில போடறப்பவே சொல்றதுக்கு என்ன?”

கத்திக்கொண்டே ஸ்பேனர் எடுக்க உள்ளே போனான். அவனுக்கு அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

மெர்லின் எஞ்சினை அணைத்தாள். அவன் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

அவளால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

மெர்லின் இறங்கினாள். சாவியை பானெட்டின் மேல் வைத்தாள்.

“நான் பஸ்ஸுல போயிக்கறேன்க்கா. வண்டிய அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன். மலைக்கு அண்ணன்கூட நீங்களே போய்ப் பாத்துருங்க.”

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

வெயிலில் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு போனாள். ஒரு மாதமாக வந்துபோகிறவளை இன்றுதான் சரியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. சின்னப் பெண். அப்பாவை இழந்த பெண்.

அவன் ஸ்பேனரோடு வந்தான். காலி சீட்டைப் பார்த்தான். அவன் முகம் வாடியது.

“அந்தப் புள்ள எங்க?”

கேட்டதும் அவளுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.

எரிந்தால் எரியட்டும் என்று, மெர்லினைத் திருப்பிக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டைப் பார்த்து வேகமாக நடந்தாள்.