வீடு வரவேற்ற விருந்தாளி

கதவு முதல் அடுப்புவரை வீட்டையே நடத்தும் கணினி இயங்குதளத்தின் ஒன்பதாம் பதிப்பு மனித குலத்தின் இரண்டாவது விடுதலை என்று, கோவைக் குடியிருப்பொன்றின் சங்கத் தலைவர் அருணகிரி குத்துவிளக்கேற்றி முழங்கினார். கைதட்டல் ஓய்ந்து, தொண்டை வறண்டு அவர் வீடு திரும்பியபோது, மனைவி தெய்வாத்தாள் சமையலறைக்கு வெளியே நின்றிருந்தாள்.

“விருந்தினர்களுக்குச் சமையலறையில் அனுமதி இல்லை” என்றது கதவு.

புதிய பதிப்பு வீட்டை அருணகிரியின் பேரில் பதிந்துகொண்டு, முப்பது வருடமாக அதை நடத்திவந்தவளை விருந்தினர் பட்டியலில் தள்ளிவிட்டது.

“சின்னக் கோளாறுதான் தெய்வா. நான் கதவத் தொறந்துவிடறேன், நீ போய் ஒரு காப்பி போடு.”

கதவு அவருக்கு உடனே திறந்தது. தெய்வாத்தாள் உள்ளே போகவில்லை. கூடத்துக்கு வந்து, அவர் யாரையும் உட்காரவிடாத சாய்வு நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“எந்த ஊர்லீங்க விருந்தாளி காப்பி போடறாங்க? எனக்குச் சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போட்டுக் கொண்டாங்க.”

“வெளையாடாத. சங்கத்துல தெரிஞ்சா என்ற மானம் போயிரும். கம்பெனிக்காரனக் கூப்புட்டு உன்ற பேரச் சேத்தச் சொல்றேன்.”

“கூப்புடுங்க. சேந்துக்கறதா வேண்டாமான்னு நாந்தான் சொல்லோணும். காப்பி வரட்டும், குடிச்சுட்டு யோசிக்கறேன்.”

“விருந்தினர் காத்திருக்கிறார்” என்று வீடும் நினைவூட்டியது.

அருணகிரி உள்ளே போனார். டப்பாக்களைத் திறந்து மூடும் சத்தம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. தெய்வாத்தாள் எழுந்திருக்கவில்லை.

தலைவருக்குத் தன் வீட்டில் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாது.