ரசமட்டம்

மாப்பிள்ளையின் பைக்குள் நீளமாக ஏதோ கையில் தட்டுப்பட்டது. கெட்டியாக இருந்தது, சட்டையில் சுற்றியும் வைக்கப்பட்டிருந்தது. மாட்டிக்கொண்டார் மாப்பிள்ளை! திருடனாக இருந்தாலும் மாப்பிள்ளை ஆயிற்றே, மனதுக்குள்கூட ‘ர்’ போட்டுத்தான் திட்டினேன். உருவிப் பார்த்தால் குடை.

நிமிர்ந்தேன். அறை வாசலில் மகள்.

“அப்பா, அவர் பையில என்ன தேடறீங்க?”

“மழை வருமான்னு பாத்தேன்.”

“பைக்குள்ளயா?”

இனி மறைத்துப் பயனில்லை. வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த வண்டிக் கொட்டகையைப் பட்டறையாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். கூலிக்கு ஆள் வைத்தால் சாமானைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான் என்று எல்லா வேலையும் நானே. கதவுக்கு மேலே ஒரு பூட்டு, கீழே ஒரு பூட்டு. சாவி என் கழுத்தில் தொங்கும், குளிக்கும்போதும் தொங்கும். சுவரில் பலகை அடித்து ரம்பம், உளி, சுத்தியல் என்று வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். எது களவு போனாலும் வெறும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

நேற்றுதான் மரவேலை மேஜையை நிறுத்தினேன். ஒரு கால் உயரம் என்று அறுத்தால் அடுத்த கால் உயரமாகிவிடுகிறது. அதை அறுத்தால் இன்னொன்று. சுற்றிச் சுற்றி அறுத்ததில், நின்று வேலை செய்ய வேண்டிய மேஜை உட்கார்ந்து செய்கிற மேஜையாகிவிட்டது. ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

மறுமுனையைப் பிடிக்க மாப்பிள்ளையைக் கூப்பிட்டிருந்தேன். “நான் பாக்கட்டுமா மாமா?” என்றார்.

“நீங்க பிடிச்சாப் போதும்” என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தைத் தோளில் தாங்கிக்கொண்டே மரத்தூளுக்குள் காலால் துழாவினேன். ஏதோ ஒரு கட்டை அகப்பட்டது. அதைக் காலாலேயே எத்தி, மேஜைக் காலுக்கு அடியில் ஆப்பாகச் செருகினேன். ஆட்டம் போன இடம் தெரியவில்லை.

“பாத்தீங்களா வேலைய!” என்று மாப்பிள்ளையிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

இன்று காலையில் பார்த்தால் பலகையில் ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது. ரசமட்டத்தைக் காணவில்லை! தேக்கில் கண்ணாடிக் குழாய் பதித்தது. குழாயிலுள்ள குமிழி நடுவில் நின்றால் வைத்த இடம் மட்டம், ஒதுங்கினால் கோணல். கடைக்காரர் கண்ணில் தண்ணீர் வரும்வரை பேரம் பேசி வாங்கியது. நேற்று மேஜைக்கு மட்டம் பார்த்ததுகூட அதில்தான். என்னைத் தவிர பட்டறைக்குள் வந்துபோன ஒரே ஆள் மாப்பிள்ளை. யோசிக்க இதில் என்ன இருக்கிறது?

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த மாப்பிள்ளை, என் கையிலிருந்த குடையைப் பார்த்தார், திறந்து கிடந்த பையைப் பார்த்தார்.

“கேட்டிருந்தா நானே கொட்டிக் காட்டியிருப்பேனே மாமா. என்னைய இவ்வளவு மட்டமா நெனச்சுட்டீங்களே.”

“நான் தேடறதும் மட்டத்தத்தான்” என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

மகள் பையைப் பிடுங்கித் துணிகளைத் திணித்தாள். “அது கெடைக்கிற வரைக்கும் இந்த வீட்டுப் படி ஏற மாட்டோம்பா.”

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி வந்தாள். “சுத்தியலக் காணோம்னு பால்காரர் சைக்கிளயே சோதனை போட்டவரு. மாப்பிள்ளைய மட்டும் விட்டுவைப்பாரா?”

பிடிவாதத்தில் மகள் என்னை உரித்து வைத்தவள். படி ஏற மாட்டேன் என்றால் ஏறவே மாட்டாள். ஆனாலும் பையில் கைவிட்டு அகப்பட்டவன் எந்த முகத்தோடு இறங்கி வருவது? விறைப்பாகவே நின்றேன்.

மாப்பிள்ளைதான் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். “போறதுக்கு முன்னாடி பட்டறைய ஒரு தடவ பாத்துடறேன் மாமா.”

இரண்டு பூட்டையும் திறந்துவிட்டு, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு சாமானும் போய்விடக் கூடாதே! வாசலில் மகள் பையும் கையுமாக நின்றாள், பின்னால் அவள் அம்மா.

“வெளியாள் இல்ல, தெரிஞ்ச ஆளுதான்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். “கூடவே இருந்து எனக்கு நல்லா ஆப்பு வெச்சுட்டான்.”

மாப்பிள்ளை சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்து, போன் வெளிச்சத்தை மேஜைக்கு அடியில் அடித்தார். எழுந்திருக்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாரோ? கொஞ்சம் அதிகமாகத்தான் பேசிவிட்டேனோ?

“மேஜையக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க மாமா.”

தூக்கினேன். குனிந்து கையை விட்டவர், நிமிராமலே மகளிடம் சொன்னார். “பையக் கீழ வை. ரசமட்டம் கெடைச்சிருச்சு.”

“பாத்தியா, நான் சொல்லல?” மேஜையைத் தாங்கிக்கொண்டே கத்தினேன். “எவன் பாத்த வேலை இது?”

“நீங்க சொன்ன மாதிரி தெரிஞ்ச ஆளுதான்” என்றார் மாப்பிள்ளை. “ஆப்பு வெச்சது நீங்கதான் மாமா.”