அசையாத கோடு

ஜாதகம் ஏற்கெனவே பொருந்திவிட்டது. இனிப் பார்க்க வேண்டியது பெண்ணின் ஊசிக் கோடுதான். பல் மருத்துவர் நிறைமதி ஈறில் மருந்து செலுத்தும்போதெல்லாம், அவள் கையின் அழுத்தத்தை ஊசியே கோடாக வரைந்து, அந்நேரத்துப் போன் அழைப்புகளையும் பக்கத்தில் குறித்து வைத்திருந்தது. மாப்பிள்ளையின் அம்மா சுலோச்சனா காபியை ஆறவிட்டு, மூன்று வருடக் கோடுகளை டேப்லெட்டில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"போன வாரம் பார்த்த பொண்ணுக்குத் திங்கக்கிழமையானா கோடு மலையாட்டம் ஏறுது. கட்டிக்கிட்டு வந்தா கோவத்தை நம்ம மேலதான் காட்டுவா!"

மகன் சிரித்தான். நிறைமதியின் கண் சுவரில் இருந்த தம்பி தரணியின் படத்துக்குப் போனது. லாரி மோதி ஆஸ்பத்திரியில் கிடந்தவன் கடைசிவரை அக்காவைத்தான் கேட்டானாம். அன்று போனில் சார்ஜ் இல்லை, சேதியே வரவில்லை என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

படத்தில் எழுதியிருந்த மறைந்த தேதியைப் பார்த்துவிட்டு, சுலோச்சனா அந்த நாளைத் தேடி எடுத்தாள்.

"அம்மணி, நாலு பத்துக்குப் போன்ல பேசியிருக்கே. நாலு பதினொண்ணுக்கு ஊசி. கோடு அசையவே இல்லை!"

"ஒரு குழந்தை வாயைத் திறந்துட்டு உக்காந்திருந்துச்சுங்க..."

"தம்பி சேதி கேட்டும் கை நடுங்கலையே! நீ எதையும் தாங்குவே. பூ வெச்சிரலாமுங்க."

பூவைச் சுலோச்சனாவே வைத்தாள். ஹேர்பின் குத்த நிறைமதியின் அம்மா பின்னால் வந்து நின்றாள். ஹேர்பின் மண்டைத் தோலைத் தொட்ட பிறகும் இறங்கிக்கொண்டே இருந்தது.

நிறைமதி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.